ஒரு டன் உப்பில் ஐம்பது கிராம்



தேன்குழல் மாவில் உப்பை ஒரே பக்கமாகக் கொட்டிவிட்டால் ஒரு குழல் கரிக்கும், இன்னொன்று சப்பென்றிருக்கும். நீர் விட்டுப் பிசைவதால் அங்கே ஓரளவு தப்பித்துக் கொள்கிறோம். உலர்ந்த தூளோடு உலர்ந்த தூளைக் கலக்க வேண்டுமானால் அந்த உதவியும் இல்லை.

நாம் உண்ணும் உப்பையே எடுத்துக் கொள்வோம். உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்தில் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பின் வழியாகவே இதனைத் தடுக்கலாம் என்று காட்டியது. நமக்கு அண்மையில், இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில், 1974-இல் தோன்றிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. இந்நிறுவனம் 2014-இல் அயோடினோடு இரும்புச்சத்தும் சேர்ந்த உப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் வேண்டுமானால், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் போதும். உள்ளங்கையில் அடங்கும் இந்தத் தூள் ஆயிரம் பொட்டலங்களுக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும்! போகாவிட்டால் ஒரு வீட்டுக்கு மிகுதி, மற்றொரு வீட்டுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே நேரே கொட்டுவதில்லை. அயோடேட் ஒரு பங்குக்குக் கால்சியம் கார்பனேட் ஒன்பது பங்கு; அக்கலவை ஒரு பங்குக்கு உப்புப் பத்துப் பங்கு; அதன் பிறகே பெருங்குவியலில் சேர்ப்பர். அயோடேட்டை நீரில் கரைத்துத் தெளிக்கும் முறையும் உண்டு.

கலக்கும் பொறிகளில் ‘ரிப்பன் பிளெண்டர்’ எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டியின் அடிப்பக்கம் ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல வளைந்திருக்கும். மூலை இருந்தால் தூள் அங்கே அசையாமல் தங்கிவிடுமல்லவா? நடுத்தண்டில் இரண்டு நாடாக்கள் திருகுபோலச் சுற்றியிருக்கும். வெளிநாடா தூளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளும். உள்நாடா நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும். எதிரெதிராகப் போகும் இவ்விரு ஓட்டங்களே கலவையை உண்டாக்குகின்றன. தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் நாடாவுக்கு எட்டாத மேல்தூள் சும்மாவே கிடக்கும்.

“நெடுநேரம் சுற்றினால் இன்னும் நன்றாகக் கலக்குமே!” என்று தோன்றலாம். எப்போதும் அப்படியன்று. பொரிகடலை டப்பாவைக் குலுக்கினால் கடலைத்தூள் அடியில் இறங்கி, பொரி மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிறு துகள் இடுக்கு வழியே நழுவிவிடும். நன்கு கலந்த உப்புகூட லாரியில் குலுங்கியே பிரிந்து போகக்கூடும். இதனால்தான் இரும்புச்சத்தை உப்புக் கல்லின் பருமனுக்கே துகளாக்கி, மேலே பூச்சிட்டுச் சேர்க்கும் முறையை வகுத்தார்கள். அந்தப் பூச்சு, இரும்பு அயோடினைக் கெடுக்காமலும் காக்கிறது.

கலந்தாயிற்றா என்பதைக் கண்ணால் சொல்ல இயலாது, இரண்டும் வெள்ளை. தொட்டியின் பல இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். விற்பனைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அயோடின் உள்ள உப்பில் ஸ்டார்ச்சு கலந்த சோதனை நீரை ஒரு சொட்டு விட்டால் நீலநிறம் தோன்றும். ஒரு மாதிரி நீலமாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் நின்றால் அந்தத் தொட்டி உப்பு முழுவதும் மறுபடி கலக்கப்பட வேண்டியதே.