பிளட் தின்னர் சாப்பிடுகிறாயா? பீரியட்ஸ் நாட்களுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வந்து மீண்டவர்கள் என்று, சின்ன வயதிலேயே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு பீரியட்ஸ் வந்துவிட்டால் வீட்டைவிட்டு வெளியே போகவே பயம். இதய டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சம். மகளிர் நோய் டாக்டரிடம் போனால், தினமும் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் பாதிதான் தெரிகிறது. முழுக் கஷ்டமும் உனக்கு.

இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்க வேண்டியதில்லை. மாத்திரையையும் விடாமல், ரத்தப்போக்கையும் குறைக்க வழிகள் இருக்கின்றன.

1. மாத்திரையை நீயாக நிறுத்தாதே

கர்ப்பப்பையின் உள்சுவர் உரியும்போது அங்குள்ள சிறு ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்தம் உறைந்துதான் அவை அடைபடும். பிளட் தின்னர் அந்த உறைதலைத் தாமதப்படுத்துவதால் போக்கு கூடுகிறது. இது தெரிந்ததும், "இந்த மூணு நாளைக்கு மட்டும் மாத்திரையை விட்டுப் பார்க்கலாமே" என்று தோன்றும். வேண்டாம்.

வார்ஃபரினை இன்று நிறுத்தினால் அதன் வேலை அடங்கச் சில நாட்கள் ஆகும். இன்றைய ரத்தப்போக்கு நிற்காது. பீரியட்ஸ் முடிந்த பிறகு பாதுகாப்பில்லாமல் நிற்பாய். ரிவரொக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் போன்ற புது மாத்திரைகளின் வேலையோ ஒரு நாளிலேயே இறங்கிவிடும். அதனால் அவற்றை விட்டால் ஆபத்தும் சீக்கிரம் வரும். உலோக வால்வு இருப்பவருக்கு வால்வில் ரத்தம் உறைந்து அது அசையாமல் போகலாம்; பக்கவாதம் வரலாம். காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் மிகவும் முக்கியமானவை. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும்.

2. அதிகமா, சாதாரணமா? கணக்கு வை

"ரொம்பப் போகுது டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு அளவு புரியாது. எண்ணிக்கையோடு போ. நாப்கின் படத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் ஒரு அட்டவணையை 1990-ல் பிரிட்டன் மருத்துவர்கள் உருவாக்கினார்கள். லேசாக நனைந்த நாப்கினுக்கு 1, ஓரளவு நனைந்ததற்கு 5, முழுக்க ஊறியதற்கு 20. சின்ன ரத்தக்கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மொத்தப் பீரியட்ஸுக்கும் கூட்டிப் பார்த்து 100-ஐத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கணக்கு முடியாவிட்டால் இந்த நான்கை மட்டும் கவனி: ஏழு நாட்களுக்கு மேல் போகிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா? இரவில் எழுந்து மாற்றியும் படுக்கை நனைகிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரிடம் சொல். மாதக் காலண்டரில் பீரியட்ஸ் தேதியையும் நாப்கின் எண்ணிக்கையையும் குறித்துவை.

3. வயிற்றுவலிக்கு வழக்கமான மாத்திரை வேண்டாம்

நம் வீடுகளில் பீரியட்ஸ் வலி என்றாலே கை மெஃப்டால் ஸ்பாஸ் பக்கம்தான் போகும். அதில் உள்ள மெஃபெனாமிக் ஆசிட், மற்றும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் பிளட் தின்னரோடு சேர்ந்தால் வயிறு, குடலில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தைக் கூட்டும். (இதயத்துக்காக டாக்டரே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதே.) வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. அதையும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் நாள்கணக்கில் நிறைய எடுத்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை ஒத்தடம் நல்ல உதவி.

இன்னொன்று: தெருமுனை கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். இடுப்பில் போடும் ஊசி உனக்குத் தசைக்குள் பெரிய ரத்தக்கட்டாக வீங்கிவிடலாம். "நான் பிளட் தின்னர் சாப்பிடுறேன், தசையில் ஊசி வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடு.

4. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதே

கல்யாணம், கிரகப்பிரவேசம் வருகிறதென்று பீரியட்ஸைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டெரோன் மாத்திரை வாங்குவது வழக்கமாகிவிட்டது. அதிக அளவில் எடுக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடியது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. பிளட் தின்னர் தொடரும்வரை சிலருக்கு டாக்டர்களே இவற்றைக் கொடுப்பது உண்டு. அது உன் வரலாறு தெரிந்து, கண்காணிப்போடு எடுக்கும் முடிவு. கடைக்காரர் எடுக்கும் முடிவு அல்ல.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் அப்படித்தான். நன்றாக வேலை செய்யும் மருந்து. போக்கு அதிகமுள்ள நாட்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆனால் உறைந்த ரத்தம் கரையாமல் காப்பதுதான் அதன் வேலை. ரத்தக்கட்டு வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்குக் கொடுக்க டாக்டர்களே யோசிப்பார்கள்.

5. டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம்?

முதலில் காரணத்தைத் தேடச் சொல். எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு, பாலிப், அடினோமயோசிஸ், தைராய்டு குறைபாடு, பிறவியிலேயே இருக்கும் ரத்தக்கசிவு நோய் இவையும் காரணமாக இருக்கலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகு அவை வெளியே தெரிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தைராய்டு, ரத்த எண்ணிக்கை பரிசோதனைகள் செய்ய வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சுவரின் திசுவைப் பரிசோதிப்பதும் தேவைப்படலாம்.

அடுத்து, மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேள். ரிவரொக்சபான் எடுப்பவர்களுக்கு மாதவிலக்குப் போக்கு, அபிக்சபான் எடுப்பவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு மாற்றினாலே நிம்மதி கிடைக்கும். ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்குப் புது மாத்திரைகள் பொருந்தாது. அவர்களுக்கு வார்ஃபரின், அசிட்ரோம் வகைதான்.

பலருக்கும் நல்ல பலன் தருவது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். மிரெனா, எமிலி என்ற பெயர்களில் கிடைக்கிறது. லீவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் உள்சுவர் மெலிந்து போக்கு பெருமளவு குறையும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு அவ்வப்போது கறை படும். அதற்குப் பயந்து எடுத்துவிடாதே. இதையும் காப்பர்-டியையும் குழப்பிக்கொள்ளாதே. காப்பர்-டி ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது.

"குழந்தைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று வீட்டில் சொன்னால் உடனே தலையாட்டாதே. உனக்கு அறுவை சிகிச்சை என்றால் பிளட் தின்னரை நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். அந்த இடைவெளியே ஆபத்து. மற்ற வழிகளைப் பார்த்த பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

6. ஐ.என்.ஆர்., கீரை, பிற மருந்துகள்

வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் போக்கு திடீரென்று கூடினால் உடனே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். பொதுவாகக் கால் ரத்தக்கட்டுக்கு 2 முதல் 3, மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5 முதல் 3.5 என்று வைப்பார்கள். உன் இலக்கு என்ன என்பதை நோட்டில் எழுதிவை. ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதே.

கீரையில் வைட்டமின் கே இருக்கிறது. அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே விட்டுவிட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுவாயா, ஒவ்வொரு வாரமும் அப்படியே சாப்பிடு. ஒரு வாரம் தினம் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும்.

வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், மெட்ரோனிடசோல் மாத்திரைகளும், உள்ளே வைக்கும் மைகோனசோல் மருந்தும்கூட வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். கொடுப்பவரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். பார்த்துக்கொள். மஞ்சள், பூண்டு கேப்ஸ்யூல்கள், நாட்டு மருந்துப் பொடிகள் எதுவானாலும் கேட்காமல் தொடங்காதே. போக்கைக் குறைக்கும் என்று சொல்லும் வாழைப்பூப் பொரியலை ஆசையாகச் சாப்பிடு; மருந்துக்குப் பதிலாக அல்ல.

7. ரத்தசோகையைத் துரத்து

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உனக்கு மாதாமாதம் கூடுதல் இழப்பு வேறு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேள். உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைவது முதலில் அதில்தான் தெரியும்.

சுவரொட்டி, ஈரல், கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் நல்லதே. ஆனால் இழப்பு இவ்வளவு இருக்கும்போது சாப்பாடு மட்டும் போதாது. அயர்ன் மாத்திரை வேண்டும். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடு. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அயர்னை ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம். அயர்ன் சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு. தார் மாதிரி பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் அது குடல் ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே காட்டு.

8. அந்த நாட்களுக்கான ஏற்பாடு

ராத்திரிக்குப் பிரசவ நாப்கினோ, பேன்ட் போல அணியும் பெரியவர்களுக்கான டயப்பரோ நிம்மதி தரும். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கைக்கு ஒரு ரப்பர் ஷீட். பையில் ஒரு மாற்று உள்ளாடை, அடர்நிற பாட்டம், பழைய பேப்பர். கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசு. வெந்நீர் கறையை இறுக்கிவிடும். மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்தினால், அதிலுள்ள கோட்டைப் பார்த்து எத்தனை மில்லி என்று டாக்டரிடம் சொல்லலாம். ஹார்மோன் சாதனம் வைத்தவர்கள் கப்பை எடுக்கும் முன் விரலால் அழுத்திப் பிடிப்பைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சாதனமும் சேர்ந்து வந்துவிடலாம்.

பர்ஸில் ஒரு அட்டை: மாத்திரை பெயர், அளவு, எதற்காக, டாக்டர் எண், வீட்டு எண்.

வீட்டில் இன்னும் வயதுக்கு வராத பெண் குழந்தை இந்த மாத்திரை சாப்பிட்டால், முதல் பீரியட்ஸே மிக அதிகமாகப் போகலாம். முன்கூட்டியே டாக்டரிடம் பேசு. அவளிடமும் சொல்லிவை, பயந்து ஒளிக்காமல் இருப்பாள்.

9. நாள் தள்ளினால், நடு மாதத்தில் வலித்தால்

வார்ஃபரின் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. புது மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு உகந்தவை அல்ல. நாள் தள்ளினால் அன்றே பரிசோதித்து டாக்டரைப் பார். குழந்தைக்குத் திட்டமிடுகிறாய் என்றால் அதற்கு முன்பே சொல். ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றும் வழி இருக்கிறது.

பீரியட்ஸ் வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு திடீரென்று கடும் அடிவயிற்று வலி, மயக்கம் வந்தால் வாயு என்று விட்டுவிடாதே. கருமுட்டை வெளிவந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வயிற்றுக்குள் கசியலாம். வெளியே ஒரு துளி தெரியாது. அவசரமாகப் போக வேண்டிய வலி அது.

10. யோசிக்காமல் 108 கூப்பிட வேண்டிய நேரம்

- தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல், மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க ஊறினால்
- தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால்
- ஈறு, மூக்கு, சிறுநீர், மலத்திலும் ரத்தம் வந்தால்
- கடும் தலைவலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தால்
- தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும்

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது இதய டாக்டரானாலும் மகளிர் டாக்டரானாலும் இதைச் சொல்: "நான் இந்த பிளட் தின்னர் சாப்பிடுறேன். பீரியட்ஸ் இத்தனை நாள், இத்தனை நாப்கின் போகுது. மாத்திரையை நிறுத்தாம இதைக் குறைக்க என்ன வழி? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண முடியுமா?" ஆண் டாக்டர் என்றாலும் தயங்காதே, இருமலைச் சொல்வதுபோல இதையும் சொல்லலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேள். அடுத்த பீரியட்ஸ் வரும்வரை காத்திருக்காதே, இந்த வாரமே போ.