பம்பு இஞ்சினில் எண்ணெய் மிகுதியாய் எரிதல்: அதன் குறிகளும் பரிகாரமும்

நீர் இறைக்கும் இஞ்சின் கோடையில் நின்றுவிட்டால் பயிர் வாடும் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. ஆனால், நிற்காமலே ஓடிக்கொண்டு, வேண்டியதற்கு மேல் எண்ணெயைக் குடித்து, கொடுக்க வேண்டிய நீரைக் குறைத்துக் கொடுக்கும் இஞ்சினால் விளையும் நஷ்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக ஏற்படுவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேலும், இந்தக் கோளாறு பணநஷ்டத்தோடு நிற்பதன்று. கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் இஞ்சினில் இது உயிர்ச்சேதத்திற்கும் காரணமாகும். ஆகையால், இதன் குறிகளையும், காரணங்களையும், பரிகாரத்தையும் சொந்த இஞ்சின் வைத்திருப்போர் தாமே அறிந்திருத்தல் நலம்.

மோட்டார் கார்களிலும், 2020ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்த புகை விதிகளுக்குப்பின் புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலும், கார்புரேட்டர் என்னும் கருவி மறைந்து போயிற்று. எனினும் பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் ஓடும் சிறு பம்பு இஞ்சின்களில் அது இன்னும் வேலை செய்து வருகின்றது.

1. காற்றும் எண்ணெயும் சேரும் அளவு

எண்ணெய் தானாக எரிவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். எனவே அதற்குச் சுமார் 11 கிலோ காற்று, அதாவது ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவையாகின்றது. மண்ணெண்ணெய்க்கும் வேண்டிய அளவு இதற்கு மிகவும் நெருங்கியதே. முழுச் சக்தி வேண்டியபோது 12½ அல்லது 13 பங்கு காற்றுடன் இஞ்சின் நன்றாக இழுக்கும். அதற்கும் கீழே காற்றுக் குறைந்தால் சக்தியும் குறையும், எண்ணெயும் வீணாகும். இந்த நிலையையே மெக்கானிக்குகள் 'ரிச் மிக்சர்' என்பர்.

கலவையைச் செய்வது கார்புரேட்டர். 1893ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய வில்ஹெல்ம் மேபாக் என்பவர் அமைத்த தெளிப்புக் கார்புரேட்டரின் தத்துவமே இன்றும் கையாளப்படுகின்றது. காற்றுக் குழாயின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாய்ப் பாய்வதால் அங்கு அழுத்தம் குறைகின்றது. அதனால் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து ஜெட் என்னும் நுண்ணிய துளை வழியாக எண்ணெய் மேலேறித் தூவானமாகத் தெளிக்கின்றது. கிண்ணத்தில் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்கும்படி மிதவையும் ஊசி வால்வும் காக்கின்றன. வாய்க்கால் மதகு சரியாக மூடாவிட்டால் வயல் நிரம்பி வழிவதுபோல, ஊசி வால்வு சரியாக மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பி, இஞ்சினுக்குள் எண்ணெய் மிகுதியாய்ச் செல்லும்.

2. குறிகள்

(அ) புகை. கரும்புகை எண்ணெய் மிகுதியைக் காட்டும். நீலப்புகை, லூப்ரிகேட்டிங் ஆயில் ரிங்குகளைக் கடந்து எரிவதைக் காட்டும். வெண்புகை, இஞ்சின் சூடேறும் முன்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றியதாலோ, உள்ளே நீர் கசிவதாலோ வரலாம். இம்மூன்றையும் ஒன்றென எண்ணிக் கார்புரேட்டரைக் கழற்றுதல் தவறு.

(ஆ) பிளக். நல்ல நிலையில் பிளக்கின் நுனி வெளிறிய காப்பிப்பொடி நிறமாயிருக்கும். எண்ணெய் மிகுந்தால் உலர்ந்த கரி வெல்வெட்டுத் துணிபோலப் படிந்திருக்கும். கரி ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது ரிங்குகளின் குற்றம். தீப்பொறி பலவீனமாயிருந்தாலும் பிளக் கறுக்கும். எனவே புதிய பிளக் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

(இ) கிராங்க் அறை ஆயில். குச்சியில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே வந்து, முகர்ந்தால் எண்ணெய் வாடை வீசினால், எரியாத எண்ணெய் பிஸ்டன் பக்கமாக வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்கின்றது என்று அறியலாம். அவ்வாறான ஆயில் சிலிண்டரைக் காப்பதில்லை. தேய்மானம் விரைவில் ஏற்படும். அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

(ஈ) எண்ணெய்ச் செலவு. நல்ல நிலையிலுள்ள சிறு பெட்ரோல் இஞ்சின், ஒரு குதிரைச் சக்திக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் செலவழிக்கும். அளந்த அரை லிட்டர் எண்ணெயை விட்டு, அது எத்தனை நிமிஷம் ஓடுகின்றது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்தல் எளிது. மணிக்கு 1 லிட்டர் குடித்த இஞ்சின் 1.4 லிட்டர் குடித்தால், நாளொன்றுக்கு 6 மணி வீதம் 20 நாளில் 48 லிட்டர் வீணாகும்.

(உ) குழாய் மூடும் சோதனை. இஞ்சின் சூடாகி நீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது டாங்கியின் குழாயை மூட வேண்டும். கிண்ணத்தில் எண்ணெய் இறங்கும்போது கலவை படிப்படியாக மெலியும். அப்போது இஞ்சின் சற்று வேகமெடுத்து, புகையும் தெளிந்து, பிறகு நின்றால், முன்னே எண்ணெய் மிகுதியாயிருந்தது என்பது ருசுவாகும். வேகமெடுக்காமல் தளர்ந்து நின்றால் குற்றம் வேறிடத்தில் உள்ளது.

3. காரணங்களைத் தேடும் வரிசை

எளிதானதை முதலிலும், கடினமானதைப் பின்னரும் பார்த்தல் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எதனால் குணமாயிற்று என்று தெரியாமற் போகும்.

முதலாவது, சோக். ஓடத் தொடங்கியபின் இதன் தகடு முழுவதும் திறந்து நிற்கின்றதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கைப்பிடி திறந்திருந்தும் உள்ளேயுள்ள தகடு பாதி மூடியிருப்பதுண்டு.

இரண்டாவது, காற்று வடிகட்டி. கதிரடிக்கும் காலத்தில் பதரும் தூசியும் இதை விரைவில் அடைத்துவிடும். இதைக் கழற்றிச் சில நிமிஷம் மட்டும் ஓட்டும்போது புகை தெளிந்தால், குற்றம் இங்கே உள்ளது. காகித வடிகட்டியை மெல்லத் தட்டிச் சுத்தம் செய்யலாம், அழுக்கு மிகுந்தால் மாற்ற வேண்டும். அதை எண்ணெயில் கழுவலாகாது. பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சிறிது ஆயில் தடவிப் போடலாம். வடிகட்டியில்லாமல் தொடர்ந்து ஓட்டுவது சிலிண்டரை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மிதவையும் ஊசி வால்வும். நிறுத்தி வைத்த இஞ்சினின் கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் சொட்டினால் இவற்றையே சந்தேகிக்க வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே புகுந்த எண்ணெய் ஒலிக்கும். பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையுள்ள இடத்தில் குமிழி எழும். ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்ந்திருந்தால் அதை மாற்ற வேண்டும்.

நான்காவது, ஜெட். அடைப்பெடுக்க இரும்புக் கம்பியால் குத்தும் பழக்கம் மிகவும் கெடுதலானது. துளை மயிரளவு பெருத்தாலும் எண்ணெய் அதிகமாகப் பாயும். பெருத்த ஜெட்டுக்குச் சிகிச்சையில்லை. அதே எண்ணுள்ள புதிய ஜெட்டைப் போட வேண்டும். இனி ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட்டுக்குக் காற்றுக் கொடுக்கும் சிறு துளைகள் அடைபட்டாலும் இதே குற்றம் காணும்.

4. திருகாணியைச் சரிசெய்தல்

மேற்கூறியவை யாவும் சரியான பின்னரே திருகாணியைத் தொட வேண்டும். அது பெரும்பாலும் மெதுவான ஓட்டத்தின் கலவையையே ஆளும். நீர் இறைக்கும்போதுள்ள கலவையை ஆள்வது பெரிய ஜெட்டே.

திருகாணி காற்று வடிகட்டியின் பக்கமாயிருந்தால் அது காற்றை ஆளும். வெளியே திருப்பினால் கலவை மெலியும். இஞ்சின் பக்கமாயிருந்தால் அது எண்ணெயை ஆளும். உள்ளே திருப்பினால் கலவை மெலியும். இந்த வேறுபாடு அறியாமல் திருப்புவோர் குற்றத்தை அதிகப்படுத்திவிடுகின்றனர். இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கியபின், கால் சுற்றாகத் திருப்பி, வேகம் மிகுந்து சீராக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய இடத்தை முன்னரே எண்ணிக் குறித்துக்கொள்வது நலம்.

பிறகு சுத்தமான பிளக்கைப் போட்டு, கால் மணி நேரம் நீர் இறைத்து, மெதுவாக ஓட விடாமல் அப்படியே நிறுத்திப் பிளக்கைப் பார்த்தால், வேலை நேரத்துக் கலவை தெரியவரும்.

மலைப்பிரதேசத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயமுத்தூரில் சரியாக ஓடிய இஞ்சினை அங்கு கொண்டுசென்றால், கலவையில் எண்ணெய் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகும். அங்கே சற்றுச் சிறிய ஜெட்டே ஏற்றது.

5. கிணற்றுக்குள் இறக்கிய இஞ்சின்

பம்பு 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திற்கு மேல் நீரை உறிஞ்சுவது கடினம். ஆகையால் கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் இஞ்சினைக் கிணற்றின் உட்படிக்கு இறக்கும் வழக்கம் உண்டு. இது பேராபத்தானது.

காற்றுக் குறைந்து எண்ணெய் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகின்றது. எண்ணெய் மிகுந்த கலவையில் புகையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேலும் இருக்கலாம். சுவாசிக்கும் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கு அபாயம். இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். கிணற்றில் இஞ்சின் தன் புகையையே மறுபடி உறிஞ்சுவதால் பிராணவாயு குறைந்து கலவை மேலும் கெடும். விஷமும் மேலும் பெருகும். மேலே தெளிவாக ஓடிய இஞ்சின் கிணற்றுக்குள் கரும்புகை விட்டால், குற்றம் கார்புரேட்டரில் இல்லை, இடத்திலேயே உள்ளது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை இங்கு நம்பலாகாது. விளக்கு அணைவது பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும். கொல்லும் அளவு இவ்விஷவாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இறங்குவோரும் மடிவதுண்டு. அத்தருணத்தில் தீயணைப்பு நிலையத்தாருக்கு உடனே தெரிவித்து, மேலிருந்து காற்றைச் செலுத்த வேண்டும். சுவாசக் கருவியின்றி எவரையும் இறங்க விடலாகாது.

எனவே ஆழக் கிணறு உடையோர் மின்சார நீர்மூழ்கிப் பம்பு முதலிய வேறு வழியை நாடுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் கோடை தொடங்கும் முன்னரே இவ்வபாயத்தை ஊராருக்கு எடுத்துரைத்து, இஞ்சினைக் கிணற்றில் இறக்குவோரைத் தடுப்பார்களாயின், அதனால் காக்கப்படும் உயிர்கள் பலவாகும். இஞ்சின் மேலே இருக்க, கலவை சரியாயிருக்க, பிளக் காப்பிப்பொடி நிறமாயிருக்க, குடியானவரின் எண்ணெயும் மிஞ்சும். பயிருக்கு நீரும் குறையாது.