தேர் பார்க்கச் சுசீந்திரம், இளைப்பாற வட்டக்கோட்டை

டிசம்பர் பிறந்ததும் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். ஒரு சூரிய உதயம், படகில் விவேகானந்தர் பாறை, வழியில் சுசீந்திரம் ஆஞ்சநேயர், அப்புறம் திருச்செந்தூர். அதே நாட்களில்தான் அந்தப் பகுதியான நாஞ்சில் நாடு தன் பெரிய திருவிழாக்களைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளித் தேர் ஓடுவது தெரியாமலே பலர் ரயிலேறிவிடுகிறார்கள். பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் இந்தக் குறிப்புகள்.

முதல் வேலை, நாள் பார்ப்பது. மாவட்டத்தின் விழாக்காலம் நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் தொடங்கிவிடுகிறது. நவம்பர் 24 வாக்கில் கொடியேறி டிசம்பர் 3-இல் நிறைவு. தேர்ப்பவனி கடைசி நாட்களில்தான். அடுத்தது கிறிஸ்துமஸ். இந்த இரண்டுக்கும் தேதி மாறாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவுக்குத்தான் பஞ்சாங்கம் வேண்டும். மார்கழித் திருவாதிரை பத்தாம் திருவிழா. அதற்கு முந்தின நாள், ஒன்பதாம் திருவிழா, தேரோட்டம். திருவாதிரையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கொடியேற்றம் கிடைக்கும். ஆங்கிலத் தேதியை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும்: 2023-இல் டிசம்பர் 26-ஆம் தேதி தேர், அடுத்தது 2025 ஜனவரி 12, அதற்கடுத்தது 2026 ஜனவரி 2. இடையில் 2024-ஆம் ஆண்டு முழுவதிலும் தேரே வரவில்லை. 2025-இல் கிறிஸ்துமஸ் அன்றைக்கே சுசீந்திரத்தில் கொடியேறியது. அப்படிப்பட்ட ஆண்டு வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

நாள் தெரிந்தவுடன் ரயில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் மூன்றுமே சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு வருகின்றன. ஐயப்ப சீசன், அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு மூன்றும் ஒரே சமயத்தில் வந்து விழுவதால் முதல் நாளே பதிவு செய்வது நல்லது.

தங்குவதற்கு நாகர்கோவில்தான் என்று அடித்துச் சொல்வேன். கன்னியாகுமரியில் சீசன் வாடகை ஒருபக்கம், மாலை போட்ட சாமிமார் கூட்டம் ஒருபக்கம், வண்டி நிறுத்த இடமின்மை இன்னொருபக்கம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்தில் கன்னியாகுமரி வண்டியில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர் வண்டிகள் நிற்கும் வடசேரி பேருந்து நிலையம் வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் ஸ்வெட்டருக்கு இடம் ஒதுக்க வேண்டாம். குடை கட்டாயம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை எட்டிப்பார்க்கும். ஒக்கி புயல் 2017-இல் இந்தக் கரையை உலுக்கியது நவம்பர் 30 அன்று. கடல் கொந்தளித்தால் பாறைக்கான படகை நிறுத்திவிடுவார்கள். அந்த நாளில் அடம்பிடிக்காமல் வேறு பக்கம் திரும்ப வேண்டும். ஆண்கள் வேட்டி வைத்துக்கொள்ளுங்கள். தாணுமாலயன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மழை பெய்த கல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதால் வயதானவர்களை இருபுறமும் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

திருவிழாவின் பத்து நாளும் இருக்க முடியாது என்றால் மூன்றாம் நாளையும் ஒன்பதாம் நாளையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மூன்றாம் நாள் இரவு மக்கள்மார் சந்திப்பு. தாய் தகப்பன் வீட்டுத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருவதுபோல, கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் சுசீந்திரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். தேரன்று வருகிற கூட்டத்தில் பாதிகூட இதற்கு இருக்காது. நின்று நிதானமாகப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் அதிகம் உருகுவது இதில்தான்.

ஒன்பதாம் நாள் காலை ஏழரைக்குள் ரத வீதிக்கு வந்துவிடுங்கள். நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலை ஊருக்குள்ளாகவே போவதால் தேரன்று போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். கார் எடுத்து வருகிறவர்கள் பழையாற்றுப் பாலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். சுவாமி, அம்மன், பிள்ளையார் என்று மூன்று தேர். எல்லாரும் முன்பக்கம் வடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் பின்சக்கரத்தைப் பாருங்கள். தடி போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் நெம்புகட்டையைக் கொடுத்து, ஏறி நின்று உடம்பு பாரத்தை இறக்குவார்கள். அந்த ஒரு நெம்பில்தான் தேர் நகரும். நகர்ந்த தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டைக்காரர் கட்டையோடு சக்கரத்தின் கூடவே குனிந்தபடி வருவார். வடம் பிடிக்க ஆசையிருந்தால் நேரான வீதியில் பிடியுங்கள். திருப்பத்தில் வடம் பக்கவாட்டில் இழுபடும், பழக்கமில்லாதவர்கள் விழுந்துவிடுவார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தெப்பக்குளக் கரையே நல்ல இடம். ஏழு நிலைக் கோபுரமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

அந்த வீதிகளில் நடக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள இந்தத் தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்க வேண்டும் என்பதற்காக 1926-இலும் மறுபடி 1930-இலும் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்றார். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். இன்றைக்கு யாரும் யாரையும் கேட்காமல் ஒரே வடத்தைப் பிடிக்கிறார்கள் என்றால் அதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தேர் நிலைக்கு வந்ததும் ஊர் அடங்கும். அன்றைய அடுத்த நிகழ்ச்சியான சப்தாவர்ணம் நள்ளிரவில்தான். இந்த இடைவெளியில் பலர் கன்னியாகுமரி படகு வரிசையில் போய் நின்று களைத்துவிடுகிறார்கள். 2024 டிசம்பர் 30-இல் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு வரிசை இன்னும் நீளம். அதை வேறொரு நாள் காலையில் வைத்துக்கொண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசிக்கொண்டு வட்டக்கோட்டைக்குப் போங்கள். கொட்டாரம் வழியாக அரை மணி நேரப் பாதை. ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லியே பேசுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம்.

குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பின்பு அவருடைய தளபதியாகவே ஆகித் திருவிதாங்கூரின் கோட்டைகளைப் பலப்படுத்தினார். வட்டக்கோட்டை அவற்றில் ஒன்று. ஏறத்தாழ மூன்றரை ஏக்கர், கருங்கல் மதில் 25 அடி உயரம், உள்ளே ஒரு குளம். பீரங்கி இழுத்து ஏற்ற அமைத்த சாய்வுப் பாதையில் இன்று பாட்டிமார்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். கல்லில் வெட்டிய மீன் சின்னத்தைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை விட்டுவிட்டு மதில்மேல் உட்காருங்கள். ஒருபக்கம் வங்கக் கடல், திரும்பினால் மருந்துவாழ் மலையும் அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும். காலையில் கேட்ட மேளமும் கூச்சலும் காதைவிட்டு இறங்குவதற்கு இந்தக் காற்றைப்போல மருந்தில்லை. கோட்டை ஓரத்து மணல் கருப்பாக இருக்கும், இல்மனைட் போன்ற கனிமங்களால் வந்த நிறம். அலை வேகமாக இழுக்கும் இடம், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேரன்று இங்கே வரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவாதிரை பௌர்ணமியை ஒட்டியே வரும். அதனால் முந்தின நாள் மாலையில், சூரியன் அடைவதற்கு முன்பாகவே நிலா கிழக்கே எழும்பிவிடும். மேகம் இல்லாவிட்டால் கோட்டைக் கரையிலிருந்தே பார்க்கலாம். தொல்லியல் துறையின் இடம் என்பதால் மாலையில் கதவை அடைத்துவிடுவார்கள், வெளியே மணலுக்கு வந்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டி வந்தவர்கள் 24-ஆம் தேதி மாலை குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் ஒரு சுற்றுப் போகலாம். தெருவுக்குத் தெரு நட்சத்திரம், வீட்டுக்கு வீடு குடில். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் உள்ளே கூப்பிட்டு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தருகிற ஊர் இது. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனால் பின்வரிசையில் நில்லுங்கள், செல்போனை வெளியே எடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் அவியல், எரிசேரி, ரசவடை, தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் இவற்றை விட்டுவிடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தை ஒரு சீப்பு வாங்கி அறையில் வைத்துக்கொண்டால் பின்னிரவுப் பசிக்கு ஆகும். பத்தாம் நாள் காலை திருவாதிரைத் தரிசனம் முடிந்ததும், அவகாசம் இருந்தால் சுசீந்திரம்–தேரூர் குளக்கரைக்கு நடந்து போங்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திருக்கும், வெயில் ஏறுமுன் போனால்தான் கண்ணில் படும். சுவாமியை நீராட்டும் ஆறாட்டு வரை இருந்துவிட்டு அன்றிரவு ரயில் பிடிக்க நினைக்காதீர்கள். கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. மறுநாள் காலை வண்டிக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.