கரு வைப்பதற்கு முன்: எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

"கரு நல்ல கருதான். கர்ப்பப்பைதான் ஏத்துக்கலை." ஐவிஎஃப் கைகூடாமல் திரும்பும் பெண்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. எண்டோமெட்ரியோசிஸும் இருந்துவிட்டால் பழி முழுக்கக் கர்ப்பப்பையின் மேல்தான். அடுத்த முறை கரு வைப்பதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பையின் உட்படலம் எல்லா நாளும் கருவை ஏற்காது. 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 24-ஆம் நாள் வரைதான் அதற்கு நேரம். படலத்தை அதற்குப் பக்குவப்படுத்துவது புரோஜெஸ்டிரோன். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள சிலருக்கு அழற்சி காரணமாக அந்த ஹார்மோன் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் இந்நோய் உள்ளவர்களுக்கு, நோயில்லாதவர்கள் தானமாகத் தந்த முட்டையில் உருவான கருவை வைத்தபோது மற்றவர்களைப் போலவே அது பதிந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆகவே முட்டையையும் கருவையும் பற்றிக் கேட்காமல் படலத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை.

அடுத்து, பழைய ஃபைலை எடுங்கள். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு, ஆபரேஷன் குறிப்பு, எந்த நாள் கரு வைத்தார்கள், அதன் தரம், அப்போது படலத்தின் தடிமன் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். தடிமன் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகப் போதும். கருக்குழாயில் நீர் கோத்திருப்பதாக ஸ்கேனில் இருந்தால், முதலில் அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும். அந்த நீர் கரு பதிவதைக் கெடுக்கும்.

எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டியை எடுத்துவிட்டால் கரு ஒட்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கட்டியோடு முட்டைகளும் குறையலாம். ஐவிஎஃப் பலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வழக்கமாக இந்த ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்கிறது ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டி. பல மாதம் ஹார்மோன் ஊசி போட்டுக் காத்திருப்பதற்கும் பலன் உறுதியில்லை என்றே அது சொல்கிறது. தாங்க முடியாத வலி, கட்டியின் மேல் சந்தேகம், முட்டை எடுக்க இடைஞ்சல் என்றால் கதை வேறு.

படலத்தைக் கிள்ளி எடுத்து நேரம் கணிக்கும் இஆர்ஏ பரிசோதனைக்குக் கடன் வாங்காதீர்கள். ஐவிஎஃப் செய்துகொண்டவர்களிடம் நடத்தி 2022-இல் ஜாமா இதழில் வெளியான சோதனையில், அதன்படி நேரம் மாற்றியதால் குழந்தைப் பேறு கூடவில்லை. படலத்தைச் சுரண்டிவிடும் முறையும் 2019-இல் வந்த பெரிய ஆய்வில் பலன் தரவில்லை.

உங்கள் கையில் இருப்பது நேரம். உறைய வைத்த ஐந்தாம் நாள் கருவை, மருந்தால் படலத்தைத் தயார் செய்யும் முறையில், புரோஜெஸ்டிரோன் தொடங்கி 5 முழு நாள் கழித்து வைப்பதே வழக்கம். திங்கள் காலை 8 மணிக்கு முதல் மருந்து என்றால் சனிக்கிழமை கரு வைப்பார்கள். மருத்துவர் சொன்ன கிழமையையும் மணியையும் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு வேளையும் மருந்து வைத்ததும் டிக் அடியுங்கள். கணவரின் போனிலும் அலாரம் இருக்கட்டும்.

ஒரு வேளை தவறிவிட்டால் பயந்து மறைக்க வேண்டாம். நீங்களாக இரண்டு மடங்காக வைக்கவும் வேண்டாம். அப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள்.