யாவரும் ஏறத்தக்க பொதுக் கொட்டகை

பால்மரத் தோட்டங்களில் மக்கள் ஒன்றுகூடுவதற்கு ஒரு காலத்தில் பெரட்டுக் களமும் கோயில் முன்றிலுமே போதுமானவையாக இருந்தன. திருமணமென்றால் கால் நட்டு, அத்தாப்பு வேய்ந்து பந்தலிட்டனர். ஆட்கள் பெருகினால் மேலும் இரண்டு கால்களை நட்டனர். தேவைக்கேற்ப நீளவும் சுருங்கவும் வல்ல அமைப்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நிலையான கொட்டகை கட்ட முற்படும் தோட்டக் குழுவினரும் அம்முறையைப் பின்பற்றலாம். மூன்று மீட்டர் இடைவெளியில் தூண்களை நிறுத்தி, ஒரு பக்கம் சுவரெழுப்பாமல் விட்டால், பணம் சேரும்போது அப்பக்கம் கூரையை நீட்டிக்கொள்ள இயலும்.

ஆயினும் பந்தலுக்கு இல்லாத ஒரு சிக்கல் கொட்டகைக்கு உண்டு. அதுவே தளத்தின் உயரம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் முதலிய மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே தாழ்நிலத்தில் தளத்தை உயர்த்த வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்த்திய தளத்திற்குப் படிகளை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? சக்கர நாற்காலியில் இருப்பவரும் முழங்கால் தேய்ந்த பாட்டியும் வாசலோடு நின்றுவிடுவர். நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர் தம் பேத்தியின் பரிசளிப்பை வெளியே நின்று பார்ப்பது நமக்குப் பெருமையன்று. பொது இடங்களுக்குள் செல்லும் உரிமையை உடற்பேறு குறைந்தோர்க்கு 2008ஆம் ஆண்டுச் சட்டமும் வழங்கியுள்ளது.

கணக்கைப் பார்ப்போம். சாய்தளத்திற்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே வழக்கமான அளவு. தளம் 60 சென்டிமீட்டர் உயர்ந்தால் சாய்தளம் 7.2 மீட்டர் நீள வேண்டும். இடம் போதாதே என்பர். பாதி வழியில் 1.5 மீட்டர் நீளமுள்ள மேடை அமைத்து, அங்கிருந்து திருப்பி ஏற்றினால், வாசல் மேடை நீங்கலாகச் சுவரோரம் 5.1 மீட்டரில் முடிந்துவிடும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். வழவழப்பான ஓடு பதித்தலாகாது, மழையில் வழுக்கும்.

தகரக் கூரையைப் பற்றியும் ஒரு சொல். மாலை மழை கொட்டும்போது காது மந்தமானவர்க்கு மட்டுமன்று, எவருக்குமே பேச்சு விளங்காது. பலகையால் உட்கூரை அமைக்காமல் ஒலிபெருக்கி வாங்குவது வீண் செலவென்பது நம் கருத்து.

வாசல் 90 சென்டிமீட்டர் அகலத்திற்குக் குறையலாகாது. கழிவறை வாசலும் அவ்வாறே. பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான். சிமெண்டு கலக்குமுன் முளையடித்துக் கயிறு கட்டிச் சாய்தளத்தைத் தரையில் குறித்து, சக்கர நாற்காலியில் வருபவரையே அழைத்துத் திரும்பிப் பார்க்கச் சொல்வது நலம்.