விமானச் சீட்டும் பிரயாணியின் விலாசமும்

விமானத்தில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்திலேயே நம்முடைய ஜாதகம் முழுவதும் சர்க்காரின் கைக்குப் போய்விடுகிறதென்றும், ஒரு தொற்றுநோய் தலைகாட்டினால் நாம் இன்ன வீதியில் இன்ன வீட்டில் இருக்கிறோமென்று அதிகாரிகள் அரை நிமிஷத்தில் கண்டுகொள்வார்களென்றும் ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. இதைச் சிலர் பீதியோடு சொல்கிறார்கள். சிலர் நிம்மதியோடு சொல்கிறார்கள். இரு சாராருமே சர்க்காருக்கு இல்லாத சாமர்த்தியத்தை அதற்குக் கற்பிக்கிறவர்கள்.

அமெரிக்காவின் சி.டி.சி. என்னும் நோய்த்தடுப்பு ஸ்தாபனத்தின் அநுபவத்தைப் பாருங்கள். விமானக் கம்பெனியின் முன்பதிவில் பிரயாணியின் பெயர் இருக்கும். ஆனால் அவருடைய டெலிபோன் எண் என்று குறித்திருப்பது, சீட்டு வாங்கிக் கொடுத்த ஏஜென்டின் எண்ணாகவே பல சமயம் இருந்துவிடும். நோயாளியின் பக்கத்து ஆசனத்தில் வந்தவரைத் தேடி அதிகாரி அவசரமாகக் கூப்பிட்டால், மறுமுனையில் எடுப்பவர் அந்த ஆபீஸ் குமாஸ்தா! 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது இக்குறை நன்றாகவே வெளிப்பட்டது. ஆகவே, பிரயாணிகளின் விலாசம் முதலியவற்றைக் கம்பெனிகள் கேட்டு வாங்கி 60 நாள் வைத்திருக்க வேண்டுமென்று 2005-ல் சி.டி.சி. ஒரு விதியை உத்தேசித்தது. செலவு மிகுமென்று கம்பெனிகளும், அந்தரங்கம் பறிபோகுமென்று வேறு சிலரும் ஆட்சேபிக்கவே, அது வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. 2020 பிப்ரவரியில், கொரோனா வாசலுக்கு வந்துவிட்ட பிறகுதான், வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பெயர், தங்கும் விலாசம், இரண்டு டெலிபோன் எண்கள், மின்னஞ்சல் ஆகிய ஐந்தையும் கேட்ட 24 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்று விதி பிறந்தது. பார்சல் கொண்டுவரும் கூரியர்க்காரர் கேட்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

நோயாளிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிசைகளில் இருந்தவர்களுக்கே அபாயம் என்பது மற்றொரு நம்பிக்கை. காசநோய்க்கு, அதுவும் 8 மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணத்துக்கு, வகுத்த கணக்கை எல்லா வியாதிகளுக்கும் நீட்டியதால் வந்த பிசகு இது. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு 120 பேருடன் சென்ற விமானத்தில், ஒரே நோயாளியிடமிருந்து 22 பேருக்கு சார்ஸ் தொற்றியதாக ஆராய்ச்சியாளர் கணித்தனர். அவர்களில் சிலர் அவருக்கு ஏழு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பிரயாணம் மூன்று மணி நேரமே.

இனி, நோய் எந்தத் திக்கில் பாயும் என்று முன்னறிவதற்குப் பெயர்ப்பட்டியல் தேவையே இல்லை. 2009-ல் மெக்ஸிகோவில் பன்றிக் காய்ச்சல் கிளம்பியபோது, டொராண்டோ டாக்டர் கம்ரான் கானும் அவருடைய சகாக்களும், முந்தைய வருஷத்து மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்நாட்டிலிருந்து 164 தேசங்களுக்குப் பறந்த 23 லட்சத்துக்கு மேற்பட்டோரின் போக்கை ஆராய்ந்தார்கள். ஜனங்கள் மிகுதியாகப் போன தேசங்களுக்கே பெரும்பாலும் நோயும் முதலில் போய்ச் சேர்ந்திருந்தது. எந்த ஊருக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.