'டக்' என்கிறது, வண்டி கிளம்பவில்லை! பாட்டரி வாங்கும் முன் பத்து நிமிடம்

விடியற்காலை மூன்றரை மணி. மார்க்கெட்டுக்குப் புறப்பட வேண்டிய நேரம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம்; எஞ்சின் சுற்றவில்லை. ஒரு மணி நேரம் தாமதமானால் நல்ல சரக்கு கைமாறிவிடும். அந்தப் பதற்றத்தில் யார் எதைச் சொன்னாலும் செலவு செய்துவிடுகிறோம்.

என் அனுபவமே இதற்குச் சாட்சி. எங்கள் கடை வேன் இப்படி நின்றபோது, வந்து பார்த்தவர் "பாட்டரி போய்விட்டது" என்றார். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது மாட்டினோம். எட்டாம் நாள் மீண்டும் அதே 'டக்'. வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். வண்டி உடனே கிளம்பியது. கூலி நூறு ரூபாய். நாங்கள் கழித்துப் போட்டது நல்ல பாட்டரி!

சத்தம் எங்கிருந்து வருகிறது?

செல்ஃப் மோட்டாரின் மேல் சோலினாய்டு என்ற சுவிட்ச் இருக்கிறது. 'டக்' என்பது அதன் சத்தம். அதை இழுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால் எஞ்சினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். டீசல் வண்டிக்கு இன்னும் அதிகம். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் அளவே போதும். ஆகவே 'லைட் எரிகிறது, பாட்டரி நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டக்கூடாது.

காதால் ஒரு சோதனை

'டக் டக் டக்' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால், பெரும்பாலும் பாட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை.

ஒரே ஒரு 'டக்' கேட்டு அடங்கினால், கேபிள், எர்த், சோலினாய்டு, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்ணால் ஒரு சோதனை

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி அணையப் பார்த்தால், குறை பெரும்பாலும் பாட்டரி அல்லது டெர்மினலில். லைட் பளிச்சென்று எரிந்துகொண்டே 'டக்' என்றால், செல்ஃபுக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. எங்கள் வேனில் அன்று லைட் பளிச்சென்றுதான் எரிந்தது. கவனிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

செலவில்லாத வைத்தியம்

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைபடும். மருந்து நம் கடையிலேயே இருக்கிறது: ஆப்பச்சோடா. முதலில் நெகட்டிவ் கேபிளையும், பிறகு பாசிட்டிவையும் கழற்றுங்கள். வெந்நீரில் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். சோடா நீர் பாட்டரிக்குள் போகக்கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தால்

இரவு முழுதும் நின்ற வண்டியின் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12-க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டைனமோவையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப் பாட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

அன்றைய பயணத்துக்கு

ஜம்பர் கேபிள் இருந்தால், சிவப்பை முதலில் இறங்கிய பாட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பாட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பாட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைக் கிளம்பாத வண்டியின் எஞ்சின் இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். பீடி, தீக்குச்சி அருகில் கூடாது. இரண்டு வண்டியும் ஒரே வோல்ட்டாக இருக்க வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய வண்டிக்குச் சரி. ஆட்டோமேடிக் கியர் வண்டிக்கு ஆகாது. இன்றைய எலக்ட்ரானிக் வண்டிகளில் பாட்டரி அடியோடு இறங்கியிருந்தால் தள்ளியும் பயனில்லை. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் சூடேறிக் கெடும்.

இத்தனையும் பார்த்த பிறகு பாட்டரிதான் குறை என்று தெரிந்தால், தயாரிப்புத் தேதி பார்த்து, பில்லும் வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சரக்கை எடை போடாமல் நாம் பணம் கொடுப்பதில்லை. வண்டிச் செலவுக்கும் அதே வழக்கம் இருக்கட்டும்.